ஒரு வயசுக் குழந்தைக்கு இரும்புச்சத்து டெஸ்ட் எழுதிக் குடுத்திருக்காங்க. எல்லாக் குழந்தைக்கும் இது தேவையா?

பவானிக்காரி · மார்ச் 4, இரவு 10:42

எல்லாருக்கும் வணக்கம்ங்க. ஒரு குழப்பம், அதான் இங்க வந்து கொட்டறேன்.

பையனுக்கு 11 மாசம், எடை 8.4 கிலோ. நேத்து சளிக்குன்னு காட்டப் போனோம். டாக்டரம்மா கண் ரெப்பையக் கீழ இழுத்துப் பாத்தாங்க, உள்ளங்கைய விரிச்சுப் பாத்தாங்க, "எதுக்கும் ஹெச்.பி. (ரத்தத்துல ஹீமோகுளோபின் அளவு) பாத்துடலாம்"னாங்க. விரல்ல குத்தி, மேஜை மேல இருந்த சின்ன மெஷின்ல வெச்சா 9.2. உடனே நரம்புல ரத்தம் எடுத்து முழுசா பாக்கணும்னு சீட்டு எழுதிட்டாங்க. இரும்புச்சத்துக் குறைவா இருக்கலாமாம்.

வீட்டுக்கு வந்ததுல இருந்து அத்தை ஒரே சத்தம். "கொழுகொழுன்னு இருக்கற பையனுக்கு என்ன ரத்தக்குறை? விரல்ல குத்துனதே போதும், நரம்புல வேறயா?" வீட்டுக்காரரு அத்தை பேசுனா அத்தைக்கு ஆமாங்கறாரு, நான் பேசுனா எனக்கு ஆமாங்கறாரு.

6 மாசம் முடிய தாய்ப்பால் மட்டும்தான் குடுத்தேன். அப்புறம் நான் வேலைக்குப் போயிட்டேன். பகல்ல மாட்டுப்பால் மூணு பாட்டில், பிஸ்கட் ஊறவெச்சு. பருப்புச் சாதம் மசிச்சுக் குடுத்தா பாதி வெளிய துப்பிடறான்.

என் கேள்வி ரெண்டு. இந்த டெஸ்ட் எல்லாக் குழந்தைக்கும் பண்றதா, இல்ல எங்ககிட்ட மட்டும் பில் போடறாங்களா? இன்னொண்ணு, தாய்ப்பால் மட்டும் குடுத்ததுதான் தப்பாப் போச்சா? அத்தை அப்படித்தான் சொல்றாங்க.

---

மதுரை_அப்பத்தா · மார்ச் 5, காலை 6:10

தாயி, பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாது, பதறாத. ஆனா டாக்டர் சொன்னதைத் தட்டாத. நான் அஞ்சு பெத்தவ. எங்க காலத்துல யாரு ரத்தம் எடுத்தா? பிள்ளை மண்ணை அள்ளித் தின்னா "பூச்சி இருக்கு"ன்னு மருந்து குடுத்தோம். அது ரத்தம் இல்லாததால தின்னுச்சுன்னு என் பேத்தி நர்சுக்குப் படிச்சப்பதான் எனக்கே தெரிஞ்சுச்சு.

ஒம்பது மாசத்துல ஆட்டு ஈரல் ஒரு சின்னத் துண்டை மிளகு போட்டு வேகவெச்சு, மசிச்சு, சோத்துல பிசைஞ்சு ஊட்டுவேன். சுவரொட்டி கிடைச்சா அது இன்னும் விசேஷம். நீங்க சைவமான்னு தெரியல.

---

சிரிஞ்சுக்காரன் · மார்ச் 5, காலை 9:25

பவானி அக்கா, நான் லேப்ல இருக்கறவன். பதினாலு வருஷமா குழந்தைங்களுக்கு ரத்தம் எடுக்கறேன், அதை மட்டும் வெச்சு நாலு விஷயம் சொல்றேன்.

விரல்ல குத்திப் பாக்கற நம்பரை அப்படியே நம்பவும் கூடாது, தூக்கிப் போடவும் கூடாது. சின்ன விரல்ல ரத்தம் சட்டுன்னு வராது. அவசரத்துல பிதுக்குவாங்க. பிதுக்கினா ரத்தத்தோட சதையில இருக்கற நீரும் கலந்து வரும், நம்பர் மாறிடும். முதல் சொட்டைத் துடைச்சுட்டு அடுத்ததை எடுக்கணும். கை ஜில்லுன்னு இருந்தா முதல்ல தேய்ச்சுச் சூடாக்கணும். இத்தனையும் சரியா நடந்தாலும் மெஷின் சொல்றது ஹீமோகுளோபின் மட்டும்தான். கம்மின்னு சொல்லும், ஏன் கம்மின்னு சொல்லாது.

அதுக்குத்தான் நரம்புல எடுக்கச் சொல்றாங்க. சி.பி.சி. (ரத்த அணுக்களை முழுசா எண்ணிப் பாக்கறது), ஃபெரிட்டின் (உடம்புல இரும்பு இருப்பு எவ்வளவுன்னு காட்டறது), சி.ஆர்.பி. (நோய்த்தொற்றோ அழற்சியோ இருக்கான்னு காட்டறது) மூணையும் ஒரே குத்துல எடுக்கச் சொல்லுங்க. முதல் நாள் சி.பி.சி., நாலு நாள் கழிச்சு "ஃபெரிட்டினும் வேணும்"னு வந்து மறுபடி குத்தவிடற கூட்டம் நிறைய. எடுக்க ஒரு நிமிஷம் கூட ஆகாது. பிள்ளை அழறதை விட வெளிய நிக்கற பாட்டிதான் அதிகமா அழுவாங்க.

முக்கியமா, சளி காய்ச்சல் இருக்கறப்ப ஃபெரிட்டின் பாக்காதீங்க. உடம்புல எங்கயாவது புண்ணோ கிருமியோ இருந்தா அது பொய்யா ஏறிக் காட்டும். 12-க்குக் கீழ இருந்தா அஞ்சு வயசுக்குள்ள குழந்தைக்குக் குறைவுன்னு கணக்கு. நோய்த்தொற்று இருக்கறப்ப அந்த எல்லை 30. பையனுக்கு இப்ப சளின்னு சொல்றீங்க. ரெண்டு வாரம் கழிச்சு எடுக்கலாமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க.

---

எடிசன்_வாசி · மார்ச் 5, காலை 11:50

நியூஜெர்சியிலிருந்து. இங்கே ஒரு வயது செக்கப்புக்குப் போனால் கேட்காமலே விரலில் குத்தி ஹீமோகுளோபின் பார்த்துவிடுவார்கள், கூடவே ஈயம். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அமைப்பு 2010-லேயே எல்லாக் குழந்தைக்கும் 12 மாதத்தையொட்டிப் பார்க்கச் சொல்லிவிட்டது. தாய்ப்பால் மட்டும் குடிக்கிற குழந்தைக்கு 4 மாதத்திலிருந்தே தினம் கிலோவுக்கு 1 மி.கி. சொட்டு மருந்து. என் மகளுக்கும் கொடுத்தோம். இந்தியாவில் ஏன் இதைக் கட்டாயம் ஆக்கவில்லை என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

---

சந்தேகப்_பிராணி · மார்ச் 5, மதியம் 1:15

எடிசன் சார், பாதிக் கதையைத்தான் சொல்கிறீர்கள். அதே அமெரிக்காவில் அரசு அமைத்த தடுப்புச் சேவைகள் குழு 2015-ல் என்ன சொன்னது? 6 முதல் 24 மாதக் குழந்தைகள் எல்லாருக்கும் சோதிப்பதால் நன்மையா தீமையா என்று எடை போட ஆதாரம் போதாது என்று. இங்கிலாந்திலும் இதை எல்லாக் குழந்தைக்குமான பரிசோதனையாக வைக்கவில்லை. பணக்கார நாடுகளே ஒத்துப்போகவில்லை.

நம்ம ஊர்க் கணக்கும் ஒரு கூத்து. தேசிய குடும்பநல ஆய்வு, 2019-21: 6 மாதம் முதல் 59 மாதம் வரையுள்ள குழந்தைகளில் 67.1 சதவீதம் பேருக்கு ரத்தசோகை, தமிழ்நாட்டில் 57.4. கேட்டால் தலை சுற்றும். அதற்குச் சற்று முன், 2016-18-ல் நடந்த தேசிய ஊட்டச்சத்து ஆய்வில் 1 முதல் 4 வயதுக்கு 41 சதவீதம்தான். ஏன் இவ்வளவு வித்தியாசம்? முன்னது விரலில் குத்தியது, பின்னது நரம்பில் எடுத்தது. வயது வரம்பும் கொஞ்சம் வேறு, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் குத்துகிற இடத்தைப் பொறுத்து லட்சக்கணக்கான குழந்தைகள் நோயாளி ஆவதும் குணமாவதும் நல்ல வேடிக்கை. நடுவில் டானிக் கம்பெனிக்குத்தான் கொண்டாட்டம்.

---

சிரிஞ்சுக்காரன் · மார்ச் 5, மதியம் 1:40

அண்ணே, அந்த ரெண்டாவது ஆய்வுலயே ஃபெரிட்டினும் பாத்தாங்களே. 1-4 வயசுல 32 சதவீதம் பேருக்கு இரும்பு குறைவு. மூணுல ஒரு பிள்ளை. அதை ஏன் விட்டுட்டீங்க?

---

சந்தேகப்_பிராணி · மார்ச் 5, மதியம் 1:52

விடவில்லை தம்பி, நீ சொல்வாய் என்று காத்திருந்தேன்.

---

ஊர்_நர்ஸ் · மார்ச் 5, இரவு 9:30

நாள் பூரா வெயில்ல சுத்திட்டு இப்பதான் பாக்கறேன். நான் கிராம சுகாதார செவிலியர்.

பவானிம்மா, ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. ஆறாம் மாசம் முடிஞ்சதும் உங்க ஊர் சிஸ்டரோ அங்கன்வாடியிலோ ஒரு சிரப் பாட்டில் குடுத்தாங்களா? 50 மி.லி. பாட்டில், ஒரு தடவைக்கு 1 மி.லி. அளவு வர்ற டிராப்பரோட இருக்கும். அதுல 20 மி.கி. இரும்பு, 100 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம். வாரத்துல ரெண்டு நாள், ஆறு மாசத்துல இருந்து அஞ்சு வயசு வரைக்கும். 2018-ல வந்த 'அனீமியா முக்த் பாரத்' திட்டத்துல இது இருக்கு.

இங்க எல்லாரும் டெஸ்ட் வேணுமா வேணாமான்னு பேசறீங்க. டெஸ்ட் இல்லாமலே எல்லாக் குழந்தைக்கும் குடுக்கணும்னுதான் அரசாங்கம் அந்த பாட்டிலை அனுப்புது. நாங்க பாக்கறது என்ன தெரியுமா? போன மாசம் ஒரு வீட்டுல "பாட்டில் எங்கம்மா?"ன்னேன். அலமாரியில சாமி படத்துக்குப் பின்னாடி கை விட்டு எடுத்துக் குடுத்தாங்க. மேல விபூதி படிஞ்சிருக்கு. சீல் உடைக்கவே இல்ல. "குடுத்தா வெளிக்குக் கறுப்பாப் போகுமாம், சூடாம், பக்கத்து வீட்டுல சொன்னாங்க"ன்னாங்க. கறுப்பாப் போறது மருந்து உள்ள போச்சுங்கறதுக்கு அடையாளம். அதுக்குப் பயந்து நிறுத்தினா எப்படி?

அந்தப் பிள்ளைக்கும் 11 மாசம்தான். ஹெச்.பி. 8.1.

---

பவானிக்காரி · மார்ச் 5, இரவு 9:58

சிஸ்டர்... குடுத்தாங்க. பிரிட்ஜ் மேல இருக்கு. இப்பதான் போய்ப் பாத்தேன். சீல் உடைச்சிருக்கு, ஆனா ரெண்டு தடவைக்கு மேல குடுத்த ஞாபகம் இல்ல. வாந்தி எடுத்தான்னு விட்டுட்டோம்.

---

ஊர்_நர்ஸ் · மார்ச் 5, இரவு 10:05

பரவால்லம்மா. திட்டறதுக்காகக் கேக்கல. நிறைய வீட்டுல இதே கதைதான்.

---

குட்டி_வைத்தியன் · மார்ச் 6, காலை 7:20

குழந்தை மருத்துவன். பவானிக்காரியின் இரண்டாவது கேள்வி முதலில், ஏனென்றால் அதுதான் ஒரு தாயைத் தூங்கவிடாது. ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுத்தது தப்பே இல்லை. உங்கள் அத்தையிடம் இதைப் படித்துக் காட்டுங்கள்.

குழந்தை பிறக்கும்போதே இரும்பைக் கட்டுச்சோறு மாதிரி கொண்டு வருகிறது. எடையில் கிலோவுக்குச் சுமார் 75 மி.கி. அதில் பெரும்பங்கு கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்தில் அம்மாவிடமிருந்து சேர்வது. குறைமாதக் குழந்தைக்கு அந்தக் கட்டு சிறியது, அம்மாவுக்கே ரத்தசோகை இருந்தாலும் குறையும். தொப்புள்கொடியை உடனே வெட்டாமல் 1 முதல் 3 நிமிடம் பொறுத்தால் இன்னும் 40–50 மி.கி. இரும்புக்கான ரத்தம் உள்ளே போகும். காசு செலவில்லாத மருத்துவம் அது. நிறைமாதக் குழந்தைக்கு இந்தக் கட்டுச்சோறு 4 முதல் 6 மாதம் வரை தாங்கும். தாய்ப்பாலில் லிட்டருக்கு 0.3–0.4 மி.கி. தான் இருக்கிறது என்றாலும் அதில் ஏறக்குறைய பாதி உடம்பில் சேர்ந்துவிடும். அதுவரை கணக்கு சரி.

ஆறு மாதத்துக்கு மேல் கட்டுச்சோறு தீர்ந்துவிட்டது, குழந்தையோ வளர்ந்துகொண்டே இருக்கிறது. பிறந்த எடை ஒரு வயதில் மூன்று மடங்கு ஆகவேண்டும், ரத்தமும் அதற்கேற்ப ஊறவேண்டும். அந்த நேரத்தில் நீங்கள் என்ன கொடுத்தீர்கள்? மாட்டுப்பால். அதிலும் இரும்பு சொற்பம், சேர்வது அதைவிடச் சொற்பம். அதிலுள்ள கால்சியமும் கேசின் என்ற புரதமும் மற்ற சாப்பாட்டு இரும்பையும் சேரவிடாது. வயிறு நிறைந்துவிடுவதால் சாதத்தைத் துப்புவான். சில சிசுக்களுக்குப் பாலால் குடலில் கண்ணுக்குத் தெரியாத ரத்தக்கசிவும் உண்டு. உங்கள் பிள்ளை விஷயத்தில் எனக்குச் சந்தேகம் அந்த மூன்று பாட்டில் மேல்தான். "கொழுகொழு" என்பது பாலின் கொழுப்பு. அதற்கும் ரத்தத்துக்கும் சம்பந்தமில்லை.

இனி சோதனை. ஹீமோகுளோபின் விழுவது கடைசியில். முதலில் நெல் சேர்த்துவைக்கிற குதிர் காலியாகும், அப்புறம் பானை, அதற்கப்புறம்தான் இலையில் சோறு குறையும். ஃபெரிட்டின் என்பது குதிருக்குள் எட்டிப் பார்ப்பது. ஹெச்.பி. என்பது இலையைப் பார்ப்பது. இலையில் சோறு இருக்கிறது என்று நிம்மதியாக இருப்பவர்களுக்குக் குதிர் காலியானது தெரியாது. வளர்கிற மூளைக்கு அந்த இடைக்காலமும் நல்லதில்லை. கோஸ்டாரிகாவில் பெட்ஸி லோசோஃப் குழுவினர், சிசுப் பருவத்தில் நாள்பட்ட இரும்புக்குறை இருந்த குழந்தைகளை 19 வயது வரை தொடர்ந்து பார்த்தார்கள். மருந்து கொடுத்து ரத்தசோகை சரியான பிறகும் அறிவுத்திறன் சோதனைகளில் அவர்கள் பின்தங்கியே இருந்தார்கள்.

எல்லாரையும் குத்தவேண்டுமா? என்னைக் கேட்டால், நம் ஊரில் ஒரு வயதையொட்டி ஒரு ஹெச்.பி. பார்ப்பதை நான் தவறவிடமாட்டேன். குறைமாதம், எடை குறைவு, இரட்டை, அம்மாவுக்கு ரத்தசோகை, பாட்டில் பால், மண் தின்னுதல், இதில் ஏதாவது ஒன்று இருந்தால் அதுவரைகூடக் காத்திருக்கமாட்டேன். ஆனால் குத்துவதற்கு முன் "பகலில் என்ன சாப்பிட்டான், எவ்வளவு பால் குடித்தான்" என்று இரண்டு நிமிடம் கேட்கிற மருத்துவருக்கு முக்கால் பதில் அங்கேயே கிடைத்துவிடும்.

---

சந்தேகப்_பிராணி · மார்ச் 6, காலை 8:45

டாக்டர் சார், குதிர் உவமை பிரமாதம், ஆனால் எனக்கு இரண்டு இடறல்.

கோஸ்டாரிகாவில் இரும்பு குறைந்த வீட்டில் மற்றதெல்லாம் நிறைந்தா இருந்திருக்கும்? வறுமை செய்ததை இரும்பின் தலையில் கட்டுகிறோமோ? இரண்டாவது, சான்சிபார் பக்கம் பெம்பா தீவில் எல்லாக் குழந்தைக்கும் இரும்பு கொடுத்துப் பார்த்ததில் ஆஸ்பத்திரி சேர்க்கையும் சாவும் கூடியது என்று 2006-ல் வெளிவந்ததே. எல்லாருக்கும் ஊற்று என்பது சரிதானா?

---

குட்டி_வைத்தியன் · மார்ச் 6, பிற்பகல் 2:30

இரண்டும் நியாயமான இடறல்கள்.

வறுமை கலந்திருக்கிறது. வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளிடம் அந்த இடைவெளி வயதோடு அகன்றது, நடுத்தர வீடுகளில் அதே அளவில் நின்றது என்றுதான் அந்தக் குழுவே எழுதியது. அதாவது இரும்பு மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது, இரும்புக்குப் பங்கில்லை என்றும் சொல்ல முடியாது. அமெரிக்கக் குழு "ஆதாரம் போதாது" என்றதையும் கவனியுங்கள். "போதாது" என்றார்கள், "வேண்டாம்" என்று சொல்லவில்லை.

பெம்பா மலேரியா மிகக் கடுமையான தீவு. அந்த ஆய்வுக்குப் பின், மலேரியா பரவலாக உள்ள இடங்களில் மலேரியாத் தடுப்பும் சிகிச்சையும் கையில் இல்லாமல் இரும்பு கொடுக்காதே என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது. பவானிக்கு அது பொருந்தாது. ஆனால் காய்ச்சல் அடிக்கிற நாட்களில் சிரப்பை நிறுத்திவைப்பது நம் திட்டத்திலும் உண்டு.

எல்லைக் கோடும் நகர்கிறது என்பதையும் நானே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீங்கள் சொல்வீர்கள். 6 முதல் 23 மாதக் குழந்தைக்கு 11-க்குக் கீழே ரத்தசோகை என்றிருந்ததை 2024-ல் உலக சுகாதார நிறுவனம் 10.5 ஆக்கிவிட்டது. 10.7 உள்ள பிள்ளை ராத்திரியோடு ராத்திரியாகக் குணமாகிவிட்டான். 9.2 எந்தக் கோட்டின்படியும் குறைவுதான்.

---

சந்தேகப்_பிராணி · மார்ச் 6, பிற்பகல் 2:41

😀 சொல்லத்தான் இருந்தேன்.

---

இரட்டையர்_அம்மா · மார்ச் 6, மாலை 5:05

எங்களுக்கு 34 வாரத்துல பிறந்த இரட்டைப் பெண்கள். ஆஸ்பத்திரியில இருந்து அனுப்பறப்பவே இரும்பு டிராப்ஸ் எழுதித்தான் அனுப்பினாங்க, கிலோவுக்கு 2 மி.கி. பெரியவ ஒழுங்கா குடிச்சா. சின்னவ ஒவ்வொரு தடவையும் துப்புவா, நானும் அசந்துட்டேன்.

பத்து மாசத்துல சின்னவ அழுதா மூச்சு அடங்கிப் போகும். வாய் திறந்தபடி இருக்கும், சத்தமே வராது, உதடு நீலமாகும், ரெண்டு செகண்ட் கை கால் துவண்டு அப்புறம் மீளுவா. வீட்டுல எல்லாரும் மந்திரிக்கச் சொன்னாங்க. தாயத்தும் கட்டினோம், பொய் சொல்ல மாட்டேன். டாக்டர் வலிப்பு இல்லன்னு உறுதி பண்ணிட்டு ஃபெரிட்டின் பாத்தாரு. 4. டிராப்ஸ் விடாம குடுத்து ரெண்டு மூணு மாசத்துல அந்த மூச்சடைப்பு குறைஞ்சு நின்னே போச்சு. தாயத்து இன்னும் கழுத்துல இருக்கு, மாமியார் அதுதான் காப்பாத்துச்சுங்கறாங்க.

---

நல்லூர்_அன்ரி · மார்ச் 6, இரவு 8:12

எங்கட பக்கம் பிள்ளைக்கு ஆறு மாசத்தில பொடிப் பக்கெட் குடுக்கிறவை, சோத்தில தூவிப் பிசைஞ்சு குடுக்கிறது. இரும்போட வேற சத்துக்களும் இருக்கு. ரெண்டு மாசத்துக்குக் குடுத்து, பிறகு ஒரு வயசில திரும்ப. சொட்டு மருந்து மாதிரி வாயில இரும்பு மணக்காது, பிள்ளை துப்பாது. சூடான சோத்தில போட்டா நிறம் மாறும், ஆறின பிறகு போடோணும். என்ர மூத்த மகளின்ர பிள்ளைக்குக் குடும்பநல உத்தியோகத்தர் வீட்டுக்கு வந்தே காட்டித் தந்தவ.

---

தகடூரான் · மார்ச் 7, காலை 10:30

எல்லாரும் இரும்பு இரும்புங்கறீங்க. எங்க கதையையும் கேளுங்க.

மகளுக்கு ஒண்ணேகால் வயசுல ஹெச்.பி. 10.3. "இரும்பு கம்மி"ன்னு டானிக். மூணு மாசம். ஏறல. வேற டானிக். அப்புறம் இன்னொரு டாக்டர், இன்னும் விலை கூடின டானிக். எட்டு மாசம் ஓடிப் போச்சு. வீட்டுல சண்டை, "நீ சரியா ஊத்தல, அதான் ஏறல"ன்னு நான் மனைவியைத் திட்டினது இப்ப நினைச்சா கூசுது. கடைசியா சேலத்துல ஒருத்தர் பழைய ரிப்போர்ட்டை எடுத்துட்டு வரச் சொல்லி, சிவப்புப் பேனாவுல ரெண்டு நம்பரை வட்டம் போட்டாரு. செல்லோட அளவு எம்.சி.வி. 60, சிவப்பணு எண்ணிக்கை 5.6. "60-ஐ 5.6-ஆல வகுங்க"ன்னாரு. 10.7. 13-க்குக் கீழ வந்தா தலசீமியாவா, அதாவது பரம்பரையா வர்ற ரத்தக் குறைபாடா, இருக்கலாமான்னு சந்தேகப்படணுமாம். அந்த ரெண்டு நம்பரும் முதல் ரிப்போர்ட்லயே இருந்தது!

ஹீமோகுளோபின் வகைகளைப் பிரிச்சுப் பாக்கற ஹெச்.பி.எல்.சி. டெஸ்ட்ல ஏ2-ங்கற வகை 5.1 சதவீதம், அதாவது பீட்டா தலசீமியா சுமப்பவள். எனக்கும் பாத்தாங்க, எனக்கும் அதேதான். ஃபெரிட்டின் நல்லாவே இருந்துச்சு. எட்டு மாச டானிக்கும் அவளுக்குத் தேவைப்படாதது. அவளுக்கு ஒரு நோயும் இல்ல, நல்லா ஓடியாடறா. நாளைக்குக் கல்யாணம் பேசறப்ப மாப்பிள்ளைக்கும் இது இருக்கான்னு பாக்கணும், அவ்வளவுதான்.

---

குட்டி_வைத்தியன் · மார்ச் 7, பகல் 12:15

தகடூரான் சார், நன்றி. இதனால்தான் ஒரு மாதம் கழித்துத் திரும்பப் பார்க்கவேண்டும் என்கிறோம். முறையாக மருந்து போனால் ஒரு மாதத்தில் ஹெச்.பி. குறைந்தது 1 கிராம் ஏறவேண்டும். ஏறினால் அது இரும்புக்குறைதான். ஏறாவிட்டால் மருந்து உள்ளே போகவில்லை, அல்லது நோய் வேறு. டானிக் பெயரை மாற்றுவது பதில் இல்லை. அந்த வகுத்தலும் ஒரு கைகாட்டி மட்டும்தான், அதை வைத்தே முடிவு கட்டக்கூடாது. நீலகிரிப் பழங்குடிக் குழந்தைகளிடம் அரிவாள் செல் நோயையும் (அதுவும் பரம்பரை ரத்த நோய்தான்) மனதில் வைக்கவேண்டும்.

---

பவானிக்காரி · மார்ச் 21, இரவு 9:15

ரிப்போர்ட் வந்துருச்சுங்க. சளி விட்டப்புறம் எடுத்தோம். சிரிஞ்சுக்காரர் சொன்ன மாதிரி ஒரே குத்துல மூணும். ஹெச்.பி. 9.6, எம்.சி.வி. 66, சிவப்பணு 4.6, ஃபெரிட்டின் 5, சி.ஆர்.பி. நார்மல். தகடூரான் அண்ணன் கணக்குப் போட்டுப் பாத்தேன், 14.3 வருது. டாக்டரம்மாவும் இரும்புக்குறைன்னு சொல்லிட்டாங்க. குதிர் சுத்தமா காலி.

கிலோவுக்கு 3 மி.கி., தினம், ரெண்டு மூணு மாசத்துக்கு. பையன் எடைக்கு 25 மி.கி. பக்கம் வருதுன்னு 2.5 மி.லி. எழுதிக் குடுத்தாங்க. பாட்டில் பாலை நிறுத்தி டம்ளர்ல கொஞ்சமா மட்டும்.

இப்ப இங்கதான் ஒரு விஷயம். எழுதின கம்பெனி மருந்து கடையில இல்ல. "இதுவும் அதேதான்"னு வேற ஒண்ணு குடுத்தாங்க. வீட்டுல வந்து அட்டைய வெளிச்சத்துல புடிச்சுப் பாத்தா, 1 மி.லி.ல 25 மி.கி.ன்னு போட்டிருக்கு. டாக்டரம்மா சீட்டுல மருந்து பேருக்குப் பக்கத்துல 10 மி.கி.ன்னு இருக்கு. அப்ப 2.5 மி.லி. ஊத்தினா என்ன ஆகும்?

---

சிரிஞ்சுக்காரன் · மார்ச் 21, இரவு 9:22

அக்கா ஊத்தாதீங்க!! 62 மி.கி. போயிடும். சொன்னதை விட ரெண்டரை மடங்கு. காலையில டாக்டர்கிட்ட பாட்டிலோட போங்க.

---

குட்டி_வைத்தியன் · மார்ச் 21, இரவு 9:50

நல்ல வேளை படித்துப் பார்த்தீர்கள். இரும்பு மருந்தில் மி.லி. என்பது பாதி விவரம்தான். ஒரு மி.லி.யில் எத்தனை மி.கி. தனி இரும்பு என்று பார்க்கவேண்டும். சில அட்டையில் உப்பின் எடையைப் பெரிதாகப் போட்டு, அதற்குச் சமமான இரும்பைச் சின்ன எழுத்தில் போடுவார்கள். 10, 25, 50 என்று பல அளவில் விற்கிறது. ஒரு நாள் இரண்டரை மடங்கு போனால் பெரும்பாலும் வயிற்று உபத்திரவத்தோடு போய்விடும், ஆனால் தினமும் போகக்கூடாது. அதைவிடப் பெரிய ஆபத்து, இனிப்பாக இருக்கிறதென்று தவழ்கிற பிள்ளை முழுப் பாட்டிலைக் குடித்துவிடுவது. கிலோவுக்கு 60 மி.கி. தாண்டினால் உயிருக்கே ஆபத்து. பிரிட்ஜ் மேல் இருப்பதையும் எட்டாத இடத்தில் வையுங்கள். தினசரி மருந்து ஓடுகிறவரை அந்த அரசு சிரப்பைச் சேர்த்துக் கொடுக்கவேண்டாம்.

---

நெறியாளர் · மார்ச் 22, காலை 8:00

இந்த இழையில் வரும் அளவுகள் அந்தந்தக் குழந்தையின் எடைக்கு அவரவர் மருத்துவர் எழுதியவை. உங்கள் பிள்ளைக்கு இதைப் பார்த்து ஊற்றவேண்டாம். பேரீச்சம்பழ சிரப் விளம்பரம் போட்ட இரண்டு பதிவுகள் நீக்கப்பட்டன.

---

மதுரை_அப்பத்தா · மார்ச் 22, காலை 8:30

பீட்ரூட்டும் பேரீச்சையும் சிவப்பா இருக்கறதால ரத்தம் ஊறும்னு நானும் நம்பினவதான். ராகியை முளைகட்டி அரைச்சுக் கூழ் காய்ச்சு தாயி, முளைகட்டினா சத்து நல்லா சேருமாம். கூடவே எலுமிச்சை பிழிஞ்ச பருப்புச் சாதம். மருந்து மருந்துதான், சோறு சோறுதான். ரெண்டும் வேணும்.

---

பவானிக்காரி · ஏப்ரல் 24, இரவு 10:20

ஒரு மாசம் ஆச்சுன்னு இன்னைக்கு நரம்புலயே மறுபடி எடுத்தோம். 10.8. 1.2 ஏறியிருக்கு!

முதல் வாரம் பெரும் போராட்டம். அப்புறம் கன்னத்துக்கு உள்பக்கமா கொஞ்சம் கொஞ்சமா விட்டா முழுங்கிடறான்னு கண்டுபிடிச்சோம். பாலுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி, ரெண்டு ஸ்பூன் சாத்துக்குடிச் சாறோட. வெளிக்குக் கறுப்பாத்தான் போகுது. அத்தை முதல் நாள் பதறி என்னைக் கூப்பிட்டுக் காட்டினாங்க, இப்ப "இன்னைக்குக் கறுப்பாப் போகலயே, மருந்து குடுத்தியா?"ன்னு என்னையே கேக்கறாங்க. ஈரல் ஊட்டறதும் அவங்கதான். பகல் பாட்டில் நின்னு பதினெட்டு நாள் ஆச்சு, சோத்தைத் துப்பறதில்ல.

ஒரே ஒரு சந்தேகம். முன்பல் ரெண்டும் கறுப்புக் கோடு மாதிரி ஆயிருக்கு. போகுமா?

---

இரட்டையர்_அம்மா · ஏப்ரல் 24, இரவு 10:31

போயிடும். மேல படியற கறைதான். மருந்து குடுத்ததும் தண்ணி குடுங்க, ஈரத் துணியால துடைச்சு விடுங்க. எங்க சின்னவளுக்கு மருந்து நிறுத்தின அப்புறம் பல் டாக்டர் அஞ்சு நிமிஷத்துல எடுத்துட்டாரு. அதுவரைக்கும் போட்டோவுல வாயை மூடிச் சிரிக்கச் சொல்லுங்க.

---

ஊர்_நர்ஸ் · ஏப்ரல் 24, இரவு 10:40

10.8 வந்துருச்சுன்னு நிறுத்திடாதீங்கம்மா. இலைக்குத்தான் சோறு வந்திருக்கு, குதிர் இன்னும் நிரம்பல. டாக்டரம்மா எப்ப நிறுத்தச் சொல்றாங்களோ அதுவரைக்கும் குடுங்க. அது முடிஞ்சதும் பிரிட்ஜ் மேல இருக்கற நம்ம பாட்டில், வாரம் ரெண்டு நாள். தேதி தாண்டியிருந்தா தூக்கிப் போட்டுட்டு உங்க ஊர் சிஸ்டர்கிட்ட புதுசு கேட்டு வாங்கிக்கோங்க.